சின்ன எஞ்சினில் பெட்ரோல் ஆவி சோதனை: டப்பா கட்டுவதற்கு முன் தராசை எடுங்கள்

பெட்ரோலை ஆவியாக்கி எஞ்சினுக்குக் கொடுத்தால் அதே ஒரு லிட்டரில் மூன்று மடங்கு நேரம் ஓடும் என்று வீடியோ பார்த்துவிட்டு, ஒரு டப்பா, இரண்டு குழாய், மீன்தொட்டிக்குப் போடும் காற்றுக் கல் ஒன்று என்று வாங்கி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பெயின்ட் டப்பாவில் பாதிக்குப் பெட்ரோல் ஊற்றி, மூடியில் இரண்டு துளை போட்டு, ஒன்றின் வழியாகக் காற்றை அடியில் குமிழியாக விட்டு, மற்றதிலிருந்து வரும் ஆவியை ஜெனரேட்டரின் இன்டேக்கில் (எஞ்சினுக்குள் காற்று போகும் வாயில்) கொடுத்தேன். ஸ்டார்ட் ஆனது. ஐந்தாறு நிமிடம் அழகாக ஓடியது. அப்புறம் டப்பாவின் வெளிப்புறம் ஐஸ் தண்ணீர் செம்பு மாதிரி வியர்க்க ஆரம்பித்தது, எஞ்சின் தடுமாறியது, நான் காற்றுக் குழாயைக் கொஞ்சம் திறந்தேன், உடனே இன்டேக் வழியாக ஒரு வெடிப்பு. மூடி பறந்துபோய் ஷெட்டின் தகரக் கூரையில் அடித்துக் கீழே விழுந்தது, டப்பாவுக்குள் தீ. வாசலில் வீட்டு வேலைக்காகக் கொட்டியிருந்த மணல்தான் அன்று காப்பாற்றியது.

அதனால் குமிழி டப்பா எப்படிச் செய்வது என்று இதில் சொல்லப்போவதில்லை. அது ஏன் வெடிக்கிறது, அதில் மிச்சமானதாகத் தெரியும் பெட்ரோல் உண்மையில் எங்கிருந்து வருகிறது, அதே கேள்வியை வீட்டில் பத்திரமாக எப்படிச் சோதிப்பது என்பதைத்தான் சொல்கிறேன்.

பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால்தான் தீப்பிடிக்கும். நம் ஊர் வெயிலில் மூடிய டப்பாவுக்குள் ஆவி இதைவிட மிக அதிகம், எனவே "உள்ளே தீப்பிடிக்கவே பிடிக்காது, கலவை ரொம்ப ரிச், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகம்" என்று வீடியோக்காரர்கள் சொல்வது அந்த முதல் நிமிடத்துக்கு மட்டும் சரி. பெட்ரோல் ஒரே பொருள் இல்லை. 35, 40 டிகிரியில் கொதிக்க ஆரம்பிக்கும் லேசான பகுதியிலிருந்து 200 டிகிரி வரை போகும் கனமான பகுதி வரை எல்லாம் கலந்தது. காற்றைக் குமிழியாக விட்டால் லேசானது முதலில் போய்விடும். ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போவதால் மிச்சப் பெட்ரோல் குளிர்ந்துவிடும். ஒரு லிட்டர் இருக்கும் டப்பாவில் 100 மில்லி ஆவியானாலே பத்து டிகிரிக்கு மேல் இறங்கலாம், அந்த வியர்வைக்குக் காரணம் இதுதான். குளிர்ந்த, கனமான பெட்ரோல் குறைவாகத்தான் ஆவியாகும். அப்போது டப்பாவுக்குள் இருக்கும் கலவை மேலிருந்து கீழே இறங்கி, சரியாக அந்த 7 சதவீதத்துக்கு உள்ளே வந்துவிடும். அதே நேரத்தில் எஞ்சினுக்கு ஆவி போதாமல் ஒல்லிக் கலவையில் (பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவையில்) பேக்ஃபயர் அடிக்கும், அதாவது தீ இன்டேக் வழியாகத் திரும்பி வரும். வெடிக்கும் கலவையும் நெருப்பும் ஒரே குழாயின் இரண்டு முனையிலும் ஒரே சமயத்தில் தயாராகின்றன. தீ திரும்பி வராமல் இருக்க நடுவில் தண்ணீர் ஜாடி வைத்தேன், இரும்பு நார் திணித்தேன் என்பார்கள், அது வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளவே ஒரு வெடிப்பு வேண்டும்.

சரி, முன்னோர்கள் ஆவியில் ஓட்டவில்லையா என்று கேட்கலாம். ஓட்டினார்கள். கார்ல் பென்ஸின் முதல் வண்டியில் இருந்ததே பெட்ரோலின் மேற்பரப்பில் காற்றை உரசவிட்டு ஆவி எடுக்கும் கார்புரேட்டர்தான். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியின் மூன்றாவது மாடலை ஓட்டிக்கொண்டு போனபோது வழியில் வீஸ்லோக் ஊரில் ஒரு மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். அவர் வாங்கியது லிக்ராயின், கறை போக்க விற்ற லேசான திரவம். சட்டென்று ஆவியாகக்கூடிய சரக்கு, அதனால் அந்த முறை ஓடியது. நம் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலுக்கு அது சரிவராது. 1893 வாக்கில் ஜெர்மன் எஞ்சினியர் வில்ஹெல்ம் மேபாக், ஜெட் என்னும் சின்னத் துளை வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் கார்புரேட்டரைக் கொண்டுவந்த பிறகு ஆவி முறை ஓரமாகப் போனதற்கு இதுவும் காரணம்: தெளித்தால் லேசானதும் கனமானதும் சேர்ந்தே போகும், டப்பாவில் கசடு தங்காது. அப்புறம் 1930களில் கனடாவின் வின்னிபெக்கில் சார்ல்ஸ் நெல்சன் போக் என்பவர் ஆவி கார்புரேட்டருக்குப் பேட்டன்ட் வாங்கினார், ஒரு கேலனுக்கு 200 மைல் என்று பேச்சு கிளம்பியது. இன்றைய வீடியோக்களின் மூலக்கதை அதுதான். பேட்டன்ட் இருக்கிறது, அந்த மைலேஜை வெளியாள் யாரும் அளந்து உறுதி செய்யவில்லை.

நமக்கு அளக்கத் தெரியும். அதற்குப் பெரிய லேப் எதுவும் வேண்டாம்.

முதலில் உங்கள் எஞ்சின் இப்போது எவ்வளவு குடிக்கிறது

இந்தச் சோதனைக்கு ஜெனரேட்டர் எஞ்சின்தான் வசதி, ஏனென்றால் லோடை நாமே வைக்கலாம். பைக்கில் செய்தால் காற்று, ரோடு, உங்கள் கை எல்லாம் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். 2 அல்லது 3 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று, 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு, 20 லிட்டர் வாளி, எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் எனர்ஜி மீட்டர், ஒரு கிராம் வரை காட்டும் கிச்சன் தராசு, ஒரு தெர்மாமீட்டர், இவ்வளவு போதும்.

பெட்ரோலை மில்லியில் அளக்காதீர்கள், எடையில் அளங்கள். வெயிலில் பெட்ரோல் விரியும், பத்து டிகிரிக்குச் சுமார் ஒரு சதவீதம். காலையில் அளந்ததும் மதியம் அளந்ததும் ஒன்றாகாது. நான் செய்வது இப்படி: புல் வெட்டும் மிஷினுக்கு வரும் ஒரு லிட்டர் தனி டேங்க் ஒன்றை வாங்கி, அடைப்பான் வைத்த பெட்ரோல் ஹோஸ் போட்டு, கார்புரேட்டரைவிட ஒன்றரை அடி உயரத்தில், சைலன்சருக்கு எதிர்ப்பக்கம் ஸ்டாண்டில் வைப்பேன். எஞ்சின் சூடாகும் வரை பழைய டேங்கில் ஓடட்டும், 15 நிமிடம், லோடு போட்டே. அப்புறம் நிறுத்தி, தனி டேங்கை எடை போட்டு மாட்டி, 30 நிமிடம் ஓட்டி, அடைப்பானை மூடி, நிறுத்தி, ஆறவிட்டு, கழற்றி மறுபடி எடை. சலைன் பாட்டில், சலைன் குழாய் வேண்டவே வேண்டாம், அந்தப் பிளாஸ்டிக் பெட்ரோலில் விறைத்து ஜாயின்ட்டில் கசியும். சூடான எஞ்சின் பக்கத்தில் திறந்த பாத்திரத்தில் பெட்ரோல் எதற்காகவும் இருக்கக் கூடாது.

ராடை வாளித் தண்ணீரில் முழுக அமுக்கி வைத்த பிறகுதான் சுவிட்ச். கரண்ட் இருக்கும்போது தண்ணீரில் கை வைக்கக் கூடாது, தெர்மாமீட்டரைக்கூட நிறுத்திய பிறகுதான் உள்ளே விட வேண்டும். இந்த வாளி லோடாக இருப்பதோடு மீட்டர் சரியா என்று பார்க்கும் சாட்சியும்கூட: 1000 வாட்டில் 30 நிமிடம் ஓடினால் 20 லிட்டர் தண்ணீர் சுமார் 21 டிகிரி ஏற வேண்டும், அதாவது 28இல் ஆரம்பித்தால் 49 பக்கம். வாளியின் வெப்பம் வெளியே போவதால் ஒன்றிரண்டு குறையும். ஐந்து டிகிரி குறைந்தால் மீட்டரையோ ராடையோ சந்தேகப்படுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கினால் ராடு இழுக்கும் வாட்டும் மாறும், அதனால் "ஆயிரம் வாட் ராடு" என்று நம்பிக் கணக்குப் போடாமல் மீட்டர் காட்டும் யூனிட்டைத்தான் எழுத வேண்டும்.

இப்போது கணக்கு. உதாரணத்துக்கு உங்கள் ஜெனரேட்டர் ஒரு யூனிட் கரண்டுக்கு 0.6 லிட்டர், அதாவது தராசில் சுமார் 450 கிராம், குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம், இந்தச் சைஸுக்கு அது சாதாரணம். இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) ஒரு லிட்டரில் சுமார் 30 மெகாஜூல் சக்தி. 0.6 லிட்டரில் 18 மெகாஜூல், அதாவது 5 யூனிட். உள்ளே போனது ஐந்து, வெளியே வந்தது ஒன்று. இருபது சதவீதம். மூன்று மடங்கு நேரம் ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால் அவருடைய சின்ன எஞ்சின் அறுபது சதவீதத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். பெரிய கம்பெனிகள் காரில் வைக்கும் மிகச் சிறந்த பெட்ரோல் எஞ்சினே ஐம்பது சதவீதத்தைத் தொடத் தவிக்கிறது. இந்தக் கணக்கை ஒருமுறை உங்கள் கையாலேயே போட்டுப் பாருங்கள், பாதி வீடியோவை அப்புறம் பார்க்கத் தோன்றாது.

ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். எந்த மாற்றமும் செய்யாமல் மூன்று தடவை அளங்கள். மூன்றுக்கும் இடையில் 3 சதவீதம் வித்தியாசம் வந்தால், நீங்கள் செய்யும் எந்த மாற்றத்திலும் 3 சதவீதத்துக்குக் குறைவாக வருவதை லாபமாக எடுத்துக்கொள்ள முடியாது. மாற்றம் செய்த பிறகும் பழையது, புதியது, பழையது, புதியது என்று மாறி மாறி ஓட்டுங்கள். எல்லாப் பழையதையும் காலையிலும் எல்லாப் புதியதையும் மாலையிலும் ஓட்டினால் அளப்பது மாலைக் காற்றைத்தான். ஒரே கேனில் வாங்கிய பெட்ரோல், அதே ஆயில், சோக் (கார்புரேட்டருக்குப் போகும் காற்றைக் குறைக்கும் மூடி) முழுக்கத் திறந்திருக்க வேண்டும்.

ஆவியாக்க எவ்வளவு சூடு வேண்டும்

மணிக்கு 0.6 லிட்டர் இ20 பெட்ரோலை முழுக்க ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பம் சுமார் 60 வாட், ஒரு பழைய குண்டு பல்பு. சைலன்சர் வழியாக வெளியே போகும் சூடோ ஆயிரம் வாட்டுக்கு மேல். எனவே ஆவியாக்குவது கஷ்டமே இல்லை, அதற்குத் தனி டப்பாவும் தேவையில்லை. சூடான எஞ்சினுக்குள் இன்டேக் வால்வின் பின்புறத்திலும் சிலிண்டரிலும் பெட்ரோலின் பெரும்பகுதி தானாகவே ஆவியாகிவிடுகிறது. ஆவியாகாமல் வீணாகப் போவது மிகவும் குறைவு. ஆவியில் கூடுதல் சக்தி எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

அப்படியென்றால் டப்பா வைத்தவர்களுக்குக் கொஞ்சம் மிச்சமானது எப்படி? சின்ன எஞ்சின்களைக் கம்பெனியிலேயே கொஞ்சம் ரிச்சாக வைத்து அனுப்புவார்கள், எரியாத மிச்சம் கார்பன் மோனாக்சைடாக வெளியே போகும், பதிலுக்கு எஞ்சின் குளிர்ச்சியாக, சீராக ஓடும். ஆவி டப்பா போட்டதும் கலவை ஒல்லியாகிவிடுகிறது. மிச்சமானது ஒல்லிக் கலவையால், ஆவியால் இல்லை. அதையே ஒரு எண் சின்ன மெயின் ஜெட் போட்டும் பார்க்கலாம், கடையில் சின்னக் காசுக்குக் கிடைக்கும் பித்தளைத் துண்டு அது, அதற்குத் தீயும் வேண்டாம் வெடிப்பும் வேண்டாம். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு: எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் இ20க்குத் தேவைப்படும் காற்று குறைவு. சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று, இ20க்கு சுமார் 13.5. சுத்தப் பெட்ரோலுக்கு ஜெட் வைத்த பழைய ஜெனரேட்டர் இன்று ஏற்கனவே முன்னைவிட எட்டு சதவீதம் ஒல்லியாகத்தான் ஓடுகிறது. அதில் மேலும் சின்ன ஜெட் போட்டால் எக்ஸாஸ்ட் வால்வு தீய்ந்துவிடும். எனவே பழைய மிஷினில் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுத்துப் புகை படிந்திருந்தால் குறைக்க இடமிருக்கிறது. வெளுத்து, சுண்ணாம்பு பூசியது மாதிரி இருந்தால் கை வைக்காதீர்கள்.

ஜெட் மாற்றிய பிறகு லோடில் ஓடும்போது எஞ்சின் ஏறி இறங்கிப் பாட ஆரம்பித்தால் சோக்கைக் கால்வாசி இழுத்துப் பாருங்கள். உடனே சீராகிவிட்டால் கலவை ஒல்லி, பழைய ஜெட்டைத் திரும்பப் போடுங்கள். கவர்னர் ஸ்பிரிங்கை மட்டும் தொடாதீர்கள், அது பிடித்து வைத்திருப்பது 3000 சுற்றை, அதாவது 50 ஹெர்ட்ஸை.

சூடான காற்றுச் சோதனை

ஆவியைப் பற்றிய கேள்வியைப் பத்திரமாகக் கேட்க இதுதான் வழி. கார்புரேட்டரை அப்படியே விட்டுவிட்டு, அதற்குள் போகும் காற்றை மட்டும் சூடாக்குவது. குளிர் நாடுகளில் கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடிக்காமல் இருக்க சைலன்சர் பக்கத்துக் காற்றை இழுக்கும் தகடுகளைக் கம்பெனிகளே விற்கின்றன, அதே யோசனைதான்.

மெல்லிய தகரத்தை வளைத்து சைலன்சரின் ஒரு பக்கத்துக்கு மூடி மாதிரி வையுங்கள், சைலன்சரைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி. அதிலிருந்து வளையும் அலுமினியக் குழாயை ஏர் ஃபில்டரின் வாய் வரை கொண்டுவாருங்கள். ஃபில்டர் இருக்கட்டும், கழற்ற வேண்டாம், பேக்ஃபயர் அடித்தால் அது கொஞ்சம் தாங்கும். குழாயின் நடுவில் தெர்மாமீட்டரின் நுனி. சைலன்சர் ஜாயின்ட்டில் புகை கசிந்தால் இந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது, அந்தப் புகையைத்தான் எஞ்சின் குடிக்கும். உள்ளே போகும் காற்று 60 டிகிரிக்கு மேல் போகாமல் குழாயை நகர்த்திச் சரி செய்யுங்கள். கார்புரேட்டரின் உடம்பைச் சூடாக்கக் கூடாது. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் கறுப்பு இன்சுலேட்டர் கட்டையைச் சிலர் எடுத்துவிடச் சொல்கிறார்கள், எடுத்தால் கிண்ணத்துக்குள்ளேயே பெட்ரோல் கொதித்து, ஆவி வழியை அடைத்து (வேப்பர் லாக்) எஞ்சின் நின்றுவிடும்.

அரை லோடில் கொஞ்சம் மிச்சம் வரலாம், உங்கள் எஞ்சின் எவ்வளவு ரிச் என்பதைப் பொறுத்தது. முழு லோடில் நஷ்டம் வரும், ஏனென்றால் சூடான காற்று லேசானது: 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஒரே அளவு இடத்தில் சுமார் ஒன்பது சதவீதம் காற்று குறைந்துவிடும், அந்த அளவுக்கு இழுக்கும் பலமும் போகும். முழு லோடில் ஒரு மிக்ஸியைப் போட்டுப் பாருங்கள், எஞ்சின் மூச்சு வாங்குவது காதுக்கே தெரியும்.

மண்ணெண்ணெயில் கதை வேறு

ஆவியாக்குவது உண்மையிலேயே எஞ்சினைக் காப்பாற்றும் இடம் ஒன்று உண்டென்றால் அது மண்ணெண்ணெய். 150 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும் என்பதால் ஆறிய எஞ்சினில் அது திரவமாகவே சுவரில் வழிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்துவிடும். 1917இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் எக்ஸாஸ்ட் சூட்டில் மண்ணெண்ணெயை ஆவியாக்கும் பாகம் கம்பெனியிலேயே வந்தது. யாழ்ப்பாணத்தில் 1990களின் முதல் பாதியில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது ஆட்கள் மோட்டார் சைக்கிளையும் பழைய ஆஸ்டின், மொரிஸ் கார்களையும் மண்ணெண்ணெயிலேயே ஓட்டினார்கள். ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெட்ரோலில் சில துளியைக் கார்புரேட்டர் வாயில் விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயைப் பிடித்துக்கொள்ள விடுவார்கள். புகையும் இடியுமாக வண்டி போகும், ஆனால் போகும். ஆவி பற்றி நான் படித்ததில் இதைப்போல் மதிப்பு வைத்திருக்கும் அனுபவம் வேறில்லை, ஏனென்றால் இவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

உங்களிடம் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்ப் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். சாதாரண பெட்ரோல் எஞ்சினில் அழுத்தம் அதிகம், மண்ணெண்ணெய் அதில் தானாகவே வெடித்துத் தட்டும், பிஸ்டன் போய்விடும். ரேஷன் மண்ணெண்ணெயை இதற்கு எடுக்கக் கூடாது. பெட்ரோலில் ஐந்து நிமிடம் லோடோடு ஓட்டி, ஹெட்டின் மேல் தெளித்த தண்ணீர்ச் சொட்டு சுர்ரென்று போகும் அளவுக்குச் சூடான பிறகு மூன்று வழிக் குழாயைத் திருப்புங்கள். வெள்ளைப் புகை வந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள், திரும்பப் பெட்ரோலுக்குப் போங்கள். நிறுத்துவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தீர்ந்த பிறகு நிறுத்துங்கள். மறந்தால் அடுத்த நாள் கயிறு இழுத்துக் கை வலிக்கும்.

ஷெட்டில் இருக்க வேண்டியவை

எஞ்சின் எப்போதும் திறந்த வெளியில். ஷெட் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தலைவலி வந்த பிறகு யோசிக்கும் மூளையும் மந்தமாகிவிடும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு தவழ்ந்துபோய்ப் பத்தடி தள்ளி இருக்கும் கொசுவத்தியையோ அடுப்பையோ தேடிப் பிடிக்கும், அதனால் அன்று அந்தப் பக்கம் எந்தக் கனலும் கூடாது. இரண்டு கிலோ டி.சி.பி. (உலர் ரசாயனப் பவுடர்) தீயணைப்பான் ஒன்று, ஒரு வாளி மணல், இரண்டும் எஞ்சினுக்கும் உங்களுக்கும் நடுவில் இல்லாமல் உங்களுக்குப் பின்னால். தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் அதன் மேல் மிதந்து பரவும். தனியாகச் செய்யாதீர்கள், பிள்ளைகளை வேடிக்கை பார்க்க நிறுத்தாதீர்கள்.

ஓட்டி முடித்ததும் நோட்டில் எழுதுங்கள்: தேதி, காற்றின் சூடு, ஓடிய நிமிடம், குடித்த கிராம், மீட்டர் யூனிட், வாளித் தண்ணீர் எத்தனை டிகிரி ஏறியது, பிளக்கின் நிறம். எஞ்சின் ஆறிய பிறகு ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடையோ மண்ணெண்ணெய் வாடையோ அடித்தாலும், ஆயில் மட்டம் முன்னைவிட ஏறியிருந்தாலும், அடுத்த ஓட்டத்துக்கு முன் ஆயிலை மாற்றிவிடுங்கள்.